மாடித் தோட்டப் பைக்குள் செம்மண்ணா, தென்னை நார்க்கழிவா?

மாடியில் காய்கறி போட நினைப்பவர்கள் முதலில் விதையைத் தேடுகிறார்கள். அதற்கு முன்பே பைக்குள் எதை நிரப்புவது என்று முடிவு செய்துவிட வேண்டும். "கோகோபீட் மட்டும் போதும்" என்பார் கடைக்காரர்; தென்னை நார்க்கழிவைத்தான் அப்படிச் சொல்கிறார். "மண் இல்லாமல் செடி எப்படி வரும்?" என்று கேட்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். நான் பெரியவர்கள் பக்கம். ஆனால் முழுவதுமாக அல்ல.

எடையில் நார்க்கழிவுக்குத்தான் வெற்றி. 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள பையில் வெறும் செம்மண்ணை நிரப்பினால் சுமார் 25 கிலோ வரும். இருபது பை வைத்தால் அரை டன். நீர் ஊற்றினால் இன்னும் ஏறும். பழைய கட்டடத்தின் மொட்டை மாடியில் இது விளையாட்டல்ல. இன்னொரு குறை, வெயிலில் காய்ந்த செம்மண் இறுகிச் சுருங்கிப் பையின் ஓரத்தை விட்டு விலகிவிடும். ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியாகவே இறங்கி அடித்துளையில் வெளியேறும். வேர் நனைவதே இல்லை.

நார்க்கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு நீரைப் பிடித்துவைக்கும். சிக்கலும் அங்கேதான். மேற்பரப்பு காய்ந்து வெளுத்துத் தெரியும்போதும் அடியில் ஈரம் சொதசொதவென்று இருக்கும். புதிதாகத் தொடங்குபவர் மேலே பார்த்துவிட்டு மறுபடியும் ஊற்றுவார், வேர் அழுகும். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விட்டுப் பார்த்த பிறகே நீர் ஊற்ற வேண்டும்.

நார்க்கழிவில் உள்ள உப்பையும் கவனிக்க வேண்டும். கட்டியாக வாங்கும் நார்க்கழிவை வாளி நீரில் போட்டால் பொதபொதவென்று உப்பி, நீர் கருந்தேநீர் நிறமாகும். அந்த நீரை வடித்துவிட்டு, நிறம் வெளிறும்வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். அலசாமல் போட்டால் நாற்றின் இலை நுனி கருகும். நார்க்கழிவில் தழைச்சத்தும் (நைட்ரஜன்) அநேகமாகக் கிடையாது. விதை விரைவாக முளைக்கும். சில வாரங்களில் இலை மஞ்சளாகி வளர்ச்சி நின்றுவிடும். உயரமாக வளரும் வெண்டை, கத்தரிக்குப் பிடிமானமும் போதாது. ஆடிக் காற்றில் பையோடு சாயும்.

ஆகவே என் தேர்வு கலவைதான்: செம்மண் ஒரு பங்கு, அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு சேர்த்தால் வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுக்களின் தொல்லை குறையும். நீர் தெளித்துக் கலந்து ஒரு பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும்; விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் மண் கூடிவிட்டது, நார்க்கழிவைச் சேருங்கள்.

சிறு குழிகள் உள்ள நாற்றுத் தட்டான குழித்தட்டில் நாற்று விடுவதற்கு மட்டும் நார்க்கழிவுதான் சிறந்தது; வேர் அறாமல் நாற்று கையோடு வரும். தரையில் பாத்தி கட்ட இடம் இருப்பவர்கள் நார்க்கழிவுக்குச் செலவழிக்கவே வேண்டாம். அந்தப் பணத்துக்குத் தொழுவுரம் வாங்குங்கள்.