சுங்கை சிப்புட்டில் ரத்தப் பரிசோதனை: ஸ்ட்ரோக் பயத்தோடு ஊருக்குப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து மலேசியாவின் சுங்கை சிப்புட்டுக்கு லீவில் வந்திறங்கும் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே செய்கிற காரியம், அப்பா அம்மாவைக் காரில் ஏற்றி ‘ஃபுல் பாடி செக்கப்’புக்குக் கூட்டிப்போவதுதான். பக்கத்து வீட்டு அங்கிளுக்கு ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட செய்தி, அதற்கு முன்பே வாட்சாப்பில் போய்ச் சேர்ந்திருக்கும். பயம் நியாயமானது. 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு. ஆனால் பரிசோதனைத் தாளில் இருக்கும் எல்லா எண்ணும் ஒரே எடை உள்ளவை அல்ல. சில எண்கள் உடம்பைப் பற்றிச் சொல்வதைவிட, ரத்தம் ஈப்போ லேபுக்குப் போய்ச் சேர்ந்த பயணத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்கின்றன.

முதலில் அரசாங்க சுகாதாரக் கிளினிக். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு வெள்ளி (ரிங்கிட்). இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு என்று ஏற்கெனவே பதிவில் இருப்பவருக்கு ரத்தம் எடுக்க ஒரு தேதி, டாக்டரைப் பார்க்க இன்னொரு தேதி. இடையில் ஒன்றிரண்டு வாரம் ஓடிவிடும். பத்து நாள் லீவில் வருகிறவர் சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து மாட்டிக்கொண்டு கவுண்டரில் சத்தம் போடுகிறார். டிக்கெட் போடும் முன் கிளினிக் புத்தகத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் போதும்; டாக்டர் தேதியை ஒட்டி வந்து இறங்கலாம், கூடவே உட்காரலாம், ரிசல்ட்டின் நகலையும் கேட்டு வாங்கலாம்.

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் உதவித்தொகை பெறுகிறவர், அவருடைய கணவர் அல்லது மனைவி, 40 வயது நிறைந்திருந்தால் அரசாங்கத்தின் பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு; திட்டத்தில் பதிந்துள்ள தனியார் கிளினிக்குகளிலும் செய்கிறார்கள். மைகார்டு போதும். ரத்தம் கொடுக்க ஒரு தடவை, விளக்கம் கேட்க ஒரு தடவை போக வேண்டும். இரண்டாவதுக்குப் போகாமல் விட்டால் முதலாவது வீண். குடியுரிமையை மாற்றிக்கொண்டு வந்த பிள்ளைக்கு இதெல்லாம் இல்லை, அரசாங்க மருத்துவமனையில் வெளிநாட்டவர் கட்டணம்தான்.

காலையில் தாதி கேட்கும் முதல் கேள்வி: “அங்கிள், பூவாசா?” வெறும் வயிறா என்று அர்த்தம். எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம், ‘கொஞ்சூண்டு’ தே ஓ (பால் இல்லாத தேநீர்) கூடக் கூடாது. ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தண்ணீரோடு வழக்கம்போலப் போட்டுவிடுங்கள். அதையும் சேர்த்து நிறுத்திவிட்டு வந்தால் அளக்கும்போது 170 காட்டும், டாக்டர் மருந்தைக் கூட்டிவிடுவார். இனிப்பு நீருக்கான கிளிக்லசைட் மாத்திரையும் இன்சுலினும் நேர்மாறு: வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். அவற்றைப் பையில் கொண்டுவந்து, ரத்தம் கொடுத்தபின் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்து, டவுனில் தனியார் கிளினிக்குகள் விற்கும் ‘பேக்கேஜ்’. ரத்தம் எடுக்கும் தட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். ஊதா மூடிக் குழாய் ரத்த அணுக்களுக்கும், சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சிக்கும். மஞ்சள் மூடி கொழுப்புக்கும் சிறுநீரகத்துக்கும். சாம்பல் மூடி சர்க்கரைக்கு. நீல மூடி ரத்தம் உறையும் நேரத்துக்கு. மஞ்சள் குழாயை அரை மணி நேரம் நிற்கவைத்து, உறைந்ததும் சுழற்றிப் பிரிக்க வேண்டும். சுழற்றும் இயந்திரம் இல்லாத கிளினிக்கில் அது அப்படியே பெட்டிக்குள் போய், லேப் வண்டிக்காக மத்தியானம் வரை காத்திருக்கும்.

அந்தக் காத்திருப்பில்தான் எண்கள் கெடுகின்றன. சாம்பல் மூடியில் இல்லாத ரத்தத்தில் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறையும். ஸ்ட்ரோக் பேக்கேஜில் வரும் ஹோமோசிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இதற்கு எதிர்: சிவப்பணுக்கள் அதை வெளியே விட்டுக்கொண்டே இருப்பதால் மணிக்குச் சுமார் 10 விழுக்காடு ஏறும். உண்மையில் 12 இருந்தவருக்கு நான்கு மணி நேரத்தில் 17-ஐ நெருங்கிவிடும். 15-க்கு மேலே போனால் தாளில் சிவப்பு எழுத்து. அதைத் தடுக்கக் குழாயை உடனே ஐஸில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிரிக்க வேண்டும். ஆனால் பிரிக்காத மஞ்சள் குழாயையும் அதே ஐஸ் பெட்டியில் போட்டால் பொட்டாசியம் பொய்யாக உயரும். பெரிண்டோபிரில் மாதிரி நல்ல ரத்தக் கொதிப்பு மருந்தை அதைப் பார்த்து நிறுத்திவிடவும் கூடும். கவுண்டரில் இரண்டே கேள்வி கேளுங்கள்: இங்கேயே சுழற்றுகிறீர்களா, வண்டி எத்தனை மணிக்கு? இங்கே சுழற்றவில்லை என்றால் ஹோமோசிஸ்டீனை ஈப்போவில் லேபுக்கே நேராகப் போய்க் கொடுப்பது நல்லது.

ஹோமோசிஸ்டீன் நிஜமாகவே உயர்ந்திருந்தால் பி12 பாருங்கள். சைவச் சாப்பாடு, பல வருடமாக இனிப்பு நீருக்குப் போடும் மெட்ஃபார்மின், இரண்டும் சேர்ந்த அம்மாக்களுக்கு பி12 குறைவது சகஜம். அதைப் பார்க்காமல், ஹோமோசிஸ்டீனைக் குறைக்கும் ஃபோலிக் ஆசிட் மட்டும் விழுங்கினால் ரத்தசோகை மறைந்து நரம்புக் கேடு தொடரும். ஃபோலிக் ஆசிட் ஸ்ட்ரோக்கைக் குறைக்குமா என்றால், 2015-இல் வந்த சீன ஆய்வில் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு முதல் ஸ்ட்ரோக் 3.4-இலிருந்து 2.7 விழுக்காட்டுக்குக் குறைந்தது. மாவில் ஃபோலிக் ஆசிட் சேர்க்காத வட்டாரம் அது, அதனால் பலன் தெரிந்திருக்கலாம். ஏற்கெனவே ஸ்ட்ரோக் வந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளில் இவ்வளவு தெளிவான பலன் இல்லை.

எச்எஸ்-சிஆர்பி அழற்சியின் அளவு. 1-க்குக் கீழே நல்லது, 3-க்கு மேலே அபாயம் கூடுதல், 10-க்கு மேலே என்றால் அது ரத்தக் குழாயின் பேச்சே அல்ல: டெங்கி, காலில் ஆறாத புண், பல் ஈறு என்று வேறு காரணம் தேடுங்கள், இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப எடுங்கள். ரத்தக்கட்டி கரையும்போது வரும் துண்டுகளை அளக்கும் டி-டைமர், நோயே இல்லாமலும் வயதோடு ஏறும். சும்மா இருக்கிறவருக்கு அதை எடுப்பது பணத்தைக் கொடுத்துக் கவலையை வாங்குவது. பேக்கேஜில் கூடவே வரும் கேன்சர் மார்க்கர்களுக்கும் ஸ்ட்ரோக்குக்கும் சம்பந்தமில்லை.

எச்பிஏ1சி மூன்று மாதச் சராசரி, உபவாசம் வேண்டாம், வண்டி தாமதமும் அதை அவ்வளவாகப் பாதிக்காது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு அதை உயர்த்திக் காட்டும். தலசீமியா இருந்தாலோ, டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தாலோ எண் ஏமாற்றும். பக்கத்திலேயே ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்த்துவிட்டுப் படியுங்கள்.

எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பில் பிள்ளைகள் வழுக்குவது அலகில். மலேசியத் தாள் மில்லிமோல்; அமெரிக்கா, சென்னை மில்லிகிராம். 3.4 என்பதைப் பார்த்து ‘ரொம்பக் குறைவு’ என்று மகிழ வேண்டாம், 38.67-ஆல் பெருக்கினால் 131. கொழுப்படைப்பால் ஸ்ட்ரோக் வந்தவருக்கு இலக்கு குறைந்தது 1.8-க்குக் கீழே, அதாவது 70. டிரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பு 4.5-ஐத் தாண்டினால் கணக்குப் போட்டு வரும் எல்டிஎல் செல்லாது.

கூடுதலாக ஒரே ஒரு பரிசோதனைக்குக் காசு செலவழிக்கலாம் என்றால் அது எல்டிஎல் போன்ற இன்னொரு கொழுப்புத் துகளான லிப்போபுரோட்டீன் ‘லிட்டில் ஏ’. பிறப்பிலேயே முடிவாகிவிடும் அளவு, வாழ்நாளில் ஒரு தடவை போதும். 50 மில்லிகிராம் அல்லது 125 நானோமோலுக்கு மேல் இருந்தால் உயர்வு. இந்த இரண்டு அலகையும் பெருக்கி வகுத்து மாற்ற முடியாது. கஞ்சி குடித்தாலும் நடந்தாலும் இறங்காது, ஆகவே எல்டிஎல்லையும் ரத்தக் கொதிப்பையும் இறுக்கிப் பிடிப்பதுதான் வழி. அப்பாவுக்கு உயர்வு என்றால் லண்டனிலோ மெல்பர்னிலோ இருக்கும் பிள்ளையும் எடுக்க வேண்டும். பேக்கேஜில் இது பெரும்பாலும் இருப்பதில்லை, தனியாகக் கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் மறக்கக்கூடாதது ரத்தத்தில் தெரியாத ஒன்று. 2016-இல் வந்த இன்டர்ஸ்ட்ரோக் ஆய்வு, 32 நாடுகளில் ஸ்ட்ரோக் அபாயத்தில் ஏறக்குறைய 90 விழுக்காட்டைப் பத்தே காரணங்களில் அடக்கியது. முதலாவது ரத்தக் கொதிப்பு, ஏறத்தாழப் பாதி. மேல்கையில் கட்டும் நல்ல மீட்டர் ஒன்று பேக்கேஜைவிடப் பயன்படும்.

வாய் கோணி, கை தொங்கினால் எந்தத் தாளும் உதவாது. அடைப்பா, கசிவா என்று சிடி ஸ்கேன்தான் சொல்லும். மாவட்ட மருத்துவமனைகள் பலவற்றில் சிடி இல்லை. இங்கிருந்து ஈப்போ மாநில மருத்துவமனை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் அவகாசம், அதில் தைலம் தேய்க்கவும், வாட்சாப் சொன்னபடி விரல் நுனியில் ஊசி குத்தவும் நேரமில்லை. ஆஸ்பிரினும் கொடுக்காதீர்கள், கசிவாக இருந்தால் கெடுக்கும். 999-ஐக் கூப்பிட்டு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைச் சொல்லுங்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறாரா என்பதை அங்கே முதலிலேயே கேட்பார்கள். மருந்துப் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டு விமானம் ஏறுங்கள்.