பழைய பைக்கின் பெட்ரோல் டேப்: ரிப்பேர் கிட் போதுமா, முழு டேப்பையும் மாற்ற வேண்டுமா?

டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப் சொட்டத் தொடங்கினால் சந்தையில் இரண்டு வழி உண்டு. ஒன்று, ரப்பர் பாகங்கள் மட்டும் அடங்கிய ரிப்பேர் கிட். மற்றொன்று, "இந்த மாடலுக்குப் பொருந்தும்" என்று விற்கப்படும் முழு டேப். டேப்பின் உடல் வளையாமலும் அரிக்காமலும் இருந்தால் கிட்டையே வாங்குங்கள். பழைய அசல் டேப்பின் வார்ப்பும் கடைசலும் பெரும்பாலான நகல் டேப்புகளைவிடத் தரமானவை. அதில் கெட்டுப்போவது பெரும்பாலும் ரப்பர் மட்டும்தான்.

நல்ல கிட்டில் இருக்க வேண்டியவை: லீவருக்கு (திருப்பும் கைப்பிடி) பின்னால் உட்காரும் நான்கு துளை பேக்கிங், டேங்க் பக்க ஓ-ரிங் (ரப்பர் வளையம்), அழுக்கு தங்கும் அடிக்கிண்ணம் உள்ள டேப்பென்றால் அதற்கான ஓ-ரிங், டேங்க் ஸ்க்ரூக்களின் தலைக்கடியில் வரும் நைலான் அல்லது ஃபைபர் வாஷர்கள். இந்தக் கடைசி உருப்படியைப் பல கிட்களில் காணோம். இது சின்ன விஷயமில்லை. ஸ்க்ரூத் துளை ஓ-ரிங்கின் வட்டத்துக்குள்ளேயே வரும் மாடல்களில் பெட்ரோல் மரை வழியாகவே இறங்கும். அங்கே சாதாரண இரும்பு வாஷரைப் போட்டால், புது ஓ-ரிங் போட்டும் ஏன் ஒழுகுகிறது என்று தெரியாமல் திணற வேண்டியிருக்கும்.

கிட்டின் தரம் என்றால் ரப்பரின் தரம்தான். நைட்ரைல் ரப்பர் வெறும் பெட்ரோலுக்கு நன்றாகத் தாங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் அது கூடுதலாக ஊறும், காய்ந்தால் சுருங்கி இறுகும். டேங்கைக் காலியாக வைத்து நெடுநாள் நிறுத்திய பைக், பெட்ரோல் ஊற்றியதும் ஒழுகுவதற்குக் காரணம் இதுதான். சில வேளை ரப்பர் மறுபடி ஊறி ஒழுக்கு தானே நின்றுவிடும். அதை நம்பக் கூடாது, இறுகிய ரப்பர் மறுபடி மிருதுவாகாது. எத்தனால் கலப்பு அதிகமுள்ள பெட்ரோல் போடுபவர்கள் வைட்டான் என்ற, எரிபொருளை நன்றாகத் தாங்கும் ரப்பர் கொண்ட கிட்டைத் தேடி வாங்குவது நல்லது. பழுப்பு, பச்சை என்று நிறத்தை வைத்து வைட்டான் என்று முடிவு செய்யாதீர்கள், எந்த ரப்பருக்கும் எந்தச் சாயமும் ஏற்றலாம். ஓ-ரிங்கின் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளந்து, நீங்கள் போடும் அதே பெட்ரோலில் ஒரு நாள் மூடி ஊறவைத்து மறுபடி அளங்கள். கண்ணுக்கே தெரியும்படி பருத்திருந்தால் அந்தக் கிட்டைத் திருப்பிக் கொடுங்கள்.

கழற்றுவதற்கு முன் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். டேப்பைத் துடைத்து உலரவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பரை வையுங்கள். லீவரைச் சுற்றி நனைந்தால் நான்கு துளை பேக்கிங். டேங்குடன் சேரும் இடம் நனைந்தால் ஓ-ரிங் அல்லது வாஷர். டேப் ஆஃபில் இருந்தும், வெளியே எங்கும் நனையாமல் கார்பரேட்டர் மட்டும் வழிந்தால் இரண்டு பழுதுகள் சேர்ந்திருக்கின்றன: ஆஃபில் டேப் அடைக்கவில்லை, கார்பரேட்டருக்குள் பெட்ரோல் நிறைந்ததும் வரத்தை மூடும் ஃப்ளோட் நீடிலும் அடைக்கவில்லை. இதைத் தள்ளிப்போடாதீர்கள். பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும். சிலிண்டரில் பெட்ரோல் நிறைந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடே வளையலாம்.

வேலை திறந்த வெளியில், ஆறிய இன்ஜினில், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிட்டுத்தான். டேங்கை முழுதாக வடித்துவிடுங்கள். லீவரின் முகத்தகட்டை இரண்டு சிறு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். அவற்றின் தலை எளிதில் வழுக்கிப்போகும், அளவு சரியான ஸ்க்ரூ டிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள். தகடு, அலைபோல் வளைந்த ஸ்பிரிங் வாஷர், லீவர், பேக்கிங் என்று வரிசையாக வரும். வரும் வரிசையிலேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சில டேப்புகளில் ஸ்க்ரூவுக்குப் பதில் ரிவெட் இருக்கும். அதைத் துளைத்தெடுத்து, உடலில் போதிய சதை இருந்தால் 3.3 மி.மீ. துளையிட்டு எம்4 மரை வெட்டி ஸ்க்ரூ போடலாம். கை பழகாதவர்கள் இதை லேத் கடையில் கொடுப்பதே நல்லது.

கிட் மாற்றியும் ஒழுகுகிறது என்று வரும் புகார்களில் பல, லீவரின் உள்முகத்தைக் கவனிக்காததால் வருபவை. அந்த முகத்திலுள்ள பள்ளம் பேக்கிங்கின் துளைகளை இணைக்கும்போது பெட்ரோல் ஓடும், ஆஃபில் அதன் சமதளப் பகுதி துளையை மூடும். அங்கே ஒரு கீறலோ வெள்ளை அரிப்போ இருந்தால் எந்த ரப்பரும் அடைக்காது. தடித்த கண்ணாடி மேல் 600, பிறகு 1000 நம்பர் வாட்டர் பேப்பரை விரித்து, தண்ணீர் விட்டு, லீவரின் முகத்தை எட்டு வடிவில் தேயுங்கள். முகம் முழுக்க ஒரே மங்கல் நிறமானதும் நிறுத்துங்கள். டேங்குடன் சேரும் தளத்தையும் கண்ணாடியில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் யாரோ முன்பு அளவுக்கு மீறி இறுக்கி வளைத்திருக்கிறார்கள், அதையும் இதேபோல் தேய்த்துச் சமப்படுத்தலாம். தேய்த்த தூள் துளைகளில் தங்காதபடி கழுவி ஊதிவிடுங்கள்.

புது ஓ-ரிங் பள்ளத்தில் உட்கார்ந்த பின் சற்று மேலே துருத்தி நிற்க வேண்டும். பள்ளம் 2 மி.மீ. ஆழமென்றால் 2.4 மி.மீ. தடிமன் சரியாக இருக்கும். ரப்பரில் ஒரு துளி இன்ஜின் ஆயில் தடவிப் பூட்டுங்கள். டேங்க் ஸ்க்ரூக்களை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். சிலிகான் பேஸ்ட் வேண்டவே வேண்டாம், பெட்ரோலில் அது ஊறிப் பிய்ந்து கார்பரேட்டரின் நுண்துளையான ஜெட்டை அடைக்கும். மரையில் சுற்றும் டெஃப்லான் நாடாவின் நாரும் அங்கேதான் போய்ச் சேரும்.

இன்ஜின் ஓடும்போது அதன் உறிஞ்சலால் தானே திறக்கும் வேக்குவம் டேப்புக்கான கிட் தனி. அதில் டயாஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு மெல்லியது, முறுக்கோ மடிப்போ இல்லாமல் உட்கார வேண்டும். இரண்டு சவ்வுக்கு நடுவே பிளாஸ்டிக் வளையம் வரும் வகையில், வளையத்தின் காற்றுத்துளை உடலிலுள்ள வெளித்துளைக்கு நேராக இருக்க வேண்டும். வேக்குவம் ட்யூபுக்குள் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது என்று அர்த்தம்.

நகல் டேப்பில் முக்கியக் குறை, டேங்குக்குள்ளே நிற்கும் குழாயின் உயரம். ரிசர்வில் எவ்வளவு பெட்ரோல் மிஞ்சும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. குழாய் குட்டையாக இருந்தால் ரிசர்வுக்குத் திருப்பியதும் சிறிது தூரத்திலேயே வண்டி நின்றுவிடும். வாங்கும்போதே பழையதோடு பக்கத்தில் வைத்து அளந்துபாருங்கள், பெட்ரோலை வடிகட்டும் வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். உடல் விரிசல் விட்டிருந்தாலோ, மோசமாக அரித்திருந்தாலோ, மரை போயிருந்தாலோ மட்டும் முழு டேப் வாங்கலாம்.

பூட்டியபின் ஒரு லிட்டர் மட்டும் ஊற்றி, கார்பரேட்டர் பக்க ஹோஸைக் கழற்றி ஒரு கண்ணாடிப் பாட்டிலில் விடுங்கள். ஆஃபில் அரை மணி நேரம் ஒரு சொட்டும் விழக் கூடாது. பெரும்பாலான வேக்குவம் டேப்புகளில் ஆஃப் இருக்காது, ஆனிலேயே இன்ஜினை நிறுத்தி இதே சோதனை. பிறகு அதன் வேக்குவம் ட்யூபில் சிரிஞ்சு வைத்து இழுத்தால் பெட்ரோல் ஓட வேண்டும், விட்டதும் நிற்க வேண்டும். டேங்கில் துரு இருந்தால் இந்தச் சோதனை தேறினாலும் நம்ப வேண்டாம். வலையைத் தாண்டும் துருத்துகள் பேக்கிங்கிலும் நீடிலிலும் சிக்கும், ஆகவே கிட் போடுவதற்கு முன்பே டேங்கைச் சுத்தம் செய்துவிடுங்கள்.