டாம்ஸ் உணவகம், நியூயார்க்: திரையில் பாதிப் பெயர்

1989 முதல் 1998 வரை ஒளிபரப்பான ‘சைன்ஃபெல்ட்’ நகைச்சுவைத் தொடரில் நண்பர்கள் நால்வரும் ஓயாமல் கூடிப் பேசும் ‘மாங்க்ஸ்’ கடையின் வெளித்தோற்றமாகக் காட்டப்படுவது, பிராட்வேயும் 112ஆம் தெருவும் சந்திக்கும் மூலையிலுள்ள இந்த உணவகமே. சிவப்பு நியான் பலகையில் ‘டாம்ஸ்’ என்பதை விட்டுவிட்டு, ‘ரெஸ்டாரன்ட்’ என்ற சொல்லை மட்டும் படம்பிடித்தார்கள். உள்ளே நுழைந்தால் தொடரில் பார்த்த கூடம் இல்லை. அது லாஸ் ஏஞ்சல்ஸ் படப்பிடிப்புத் தளத்தில் போட்ட செட். அந்த நால்வரில் நாயகனான ஜெர்ரியின் வீடு கதைப்படி 81ஆம் தெருவில் இருக்கிறது. நினைத்தபோதெல்லாம் எட்டிப் பார்க்கும் தொலைவில் தொடர் காட்டும் கடை, உண்மையில் 31 தெருக்கள் தள்ளி, கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அருகே நிற்கிறது. மாணவர்கள் வந்துபோகும் இந்த எளிய உணவகத்தைத் திரையோடு ஒப்பிட்டு மதிப்பெண் குறைப்பது பெரும் அநியாயம். காபிக்காகவே தாராளமாகச் செல்லுங்கள்.