அத்தைக்கு ஒரு மாதம்: சுழலா, வதந்தியா, அயலியா?

அத்தைக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. ஒரு மாதம் படி ஏறி இறங்கக் கூடாது. நெல்லைப் பக்கம் விக்கிரமசிங்கபுரம் வீட்டில் கட்டிலும் டிவியும்தான் துணை. சென்னையிலிருந்து அவர் மகன் போன் போட்டான். "அத்தான், அம்மைக்கு ஒரு மாசச் சந்தா கட்டப் போறேன். பிரைமா, ஜீ5-ஆ? ரெண்டும் வேண்டாம், குழம்பிக்கிடுவா. ஒண்ணு சொல்லுங்க."

நாளிதழ் ஒன்றில் வாராவாரம் தொடர்களைப் பற்றி எழுதுகிறவன் நான். அவன் சொன்ன இரண்டு ஓடிடி தளங்களிலும் பேசப்பட்ட தமிழ்த் தொடர்களை வந்த வாரமே பார்த்து எழுதியிருக்கிறேன். எல்லாமே கலவையான கருத்துதான். இது நன்று, அது நீளம், இவர் நடிப்பு அருமை, அவர் பரவாயில்லை. பத்திரிகைக்கு அது போதும். காலை நீட்டிப் படுத்திருக்கும் ஒருவருக்கு எதைப் போட்டுக் கொடுப்பது என்று வரும்போது போதவில்லை. பழைய குறிப்புகளை எடுத்துக்கொண்டு, மடிக்கணினியோடு இரண்டு சனிக்கிழமை பாபநாசம் பஸ் ஏறினேன். ஒவ்வொன்றிலும் முதல் எபிசோடை அத்தையோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன்.

அமேசான் பிரைம் பக்கம் 'சுழல்' இரண்டு சீசன், 'வதந்தி', அப்புறம் 'தலைவெட்டியான் பாளையம்'. ஜீ5 பக்கம் நான் எடுத்துக்கொண்டது 'அயலி' ஒன்றுதான். எண்ணிக்கையில் பிரைம் கைதான் ஓங்கியிருக்கிறது. ஆச்சரியம் என்னவென்றால் எல்லாமே எட்டு எட்டு எபிசோட். ஒரே அளவு துணியில் யார் எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று பார்க்க அது வசதியாகப் போயிற்று.

முதலில் சுழல். புஷ்கர்-காயத்ரி எழுதி 2022 ஜூனில் வந்தது. சாம்பலூர் என்ற கற்பனை ஊர், சிமெண்ட் ஆலை, சங்கத் தலைவராகப் பார்த்திபன். ஆலையில் தீப்பிடிக்கிற அதே இரவில் அவருடைய இளைய மகள் காணாமல் போகிறாள். தாழையூத்து சிமெண்ட் ஆலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஊர் அந்நியமில்லை. அத்தைக்கோ அது இன்னும் பக்கம். மாமா முப்பது வருசம் மில்லில் வேலை பார்த்தவர். விக்கிரமசிங்கபுரத்தில் அந்தக் காலத்தில் மில் சங்கு ஊதினால்தான் உலை வைப்பார்கள். ஆலை வாசலில் ஆட்கள் கூடி நிற்கும் காட்சி வந்ததும் அத்தை தலையணையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்டுக்கு வெளிய நின்னாச் சம்பளம் கிடையாது. வீட்டுல உள்ளவளுக்குத்தான் அந்த நாளு தெரியும்" என்றார். நல்ல தொடர் இதைத்தான் செய்ய வேண்டும். பார்க்கிறவரின் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

ஆனால் சுழல் தட்டிவிட்டு நிற்பதில்லை, ஓடிவிடுகிறது. ஒவ்வொரு எபிசோடும் முடியும்போது ஒரு திருப்பம் இருந்தாக வேண்டும் என்ற அவசரத்தில், தொழிலாளர்களின் கதை மூன்றாவது எபிசோடுக்குள் கரைந்துபோகிறது. மீதி, யார் செய்தது என்ற தேடல். கதிரும் ஐஸ்வர்யா ராஜேஷும் அதைத் தாங்குகிறார்கள். இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக வரும் ஸ்ரேயா ரெட்டி எல்லோரையும் விட ஒரு படி மேல். கடைசியில் கிடைக்கும் விடை கனமானது. அதை உட்கார்ந்து பேசத் தொடருக்கு நேரம் இல்லாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்.

இதில் ஓடும் திருவிழா மயானக் கொள்ளை. அங்காளம்மன் கோயில்களில் மாசி மாதம் சிவராத்திரியை ஒட்டி நடப்பது. நம் பக்கம் அந்தப் பேரில் விழா பரவலாகக் கிடையாது. நமக்குக் கோயில் கொடை விழாதான். வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, நடுச்சாமத்தில் சுடலைமாடன் வேட்டைக்குப் போவது. மயானம் என்றால் நம் மனதில் வருவது அந்தத் தீப்பந்தம்தான். அதனால் மயானக் கொள்ளையை ஒரு வெளியூர்க்காரனாகத்தான் பார்த்தேன், தொடரும் அதைக் கதையோடு ஓரளவு பொருத்திவிட்டது.

2025 பிப்ரவரியில் வந்த இரண்டாவது சீசனில் அந்தச் சலுகையைக் கொடுக்க முடியவில்லை. கடற்கரை ஊர், அஷ்டகாளி விழா, வேடம் கட்டிய கூட்டம். பெயர் கற்பனை என்றாலும் குலசேகரன்பட்டினம் தசராவைப் பார்த்த யாருக்கும் அது எதை நினைவூட்டும் என்று சொல்லத் தேவையில்லை. 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை குலசையும் நம் மாவட்டம்தான். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு மாலை போட்டு, காப்புக் கட்டி, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் கடற்கரையில் சூரசம்காரம் பார்த்துவிட்டுத்தான் வேடத்தைக் கலைப்பார்கள்.

எங்கள் தெருவுக்கு ஒருமுறை காளி வேடம் கட்டி ஒருவர் வந்தார். அட்டைக் கிரீடம், கறுப்புச் சாயம், தகரத்தில் நாக்கு. அம்மா உண்டியலில் காசு போட்டுவிட்டு, "ஆத்தா, தண்ணி குடிக்கியளா?" என்று கேட்டாள். அவர் திண்ணையில் உட்கார்ந்து கிரீடத்தைக் கழற்றினார். கயிறு இறுக்கிய இடத்தில் நெற்றியைச் சுற்றி ஒரு சிவந்த கோடு. சாயத்துக்கு நடுவே வியர்வை வழி ஏற்படுத்திக்கொண்டு இறங்கியது. சொம்பை வாங்கிய கை, மண்வெட்டி பிடிக்கிற கை. தண்ணீர் குடித்து முடிக்கும் வரை அம்மா எதிரே நின்றாள், உட்காரவில்லை. வந்திருப்பது மனிதர் என்றும் தெரியும், அம்மன் என்றும் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. குலசைத் தசராவின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

சுழல் இரண்டில் அந்தச் சிவந்த கோடு எனக்குக் கிடைக்கவில்லை. நிறம் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது, சாம் சி.எஸ். இசை அதிர்கிறது. பூட்டிய அறைக்குள் வழக்கறிஞர் கொலை, நான்தான் கொன்றேன் என்று ஊர் ஊராக வந்து நிற்கும் பெண்கள், மொத்தம் எட்டுப் பேர் என்ற தொடக்கம் பிரமாதம். எட்டுப் பெண்களையும் காளியின் எட்டு வடிவங்களோடு இணைத்தது நல்ல யோசனை. ஆனால் அது யோசனையாகவே நின்றுவிட்டது. எட்டுப் பேரில் கௌரி கிஷன் முகம் நிற்கிறது. மற்ற ஏழு பேரையும் நான் பேர் சொல்லிப் பிரித்தறிய முடியவில்லை. அத்தை முதல் எபிசோடிலேயே, "வேசம் நல்லாத்தான் போட்டுருக்காவ" என்று சொல்லிவிட்டு மருந்து சாப்பிடப் போய்விட்டார்.

வதந்தி, 2022 டிசம்பர். கொலையான வெலோனியை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். அம்மா சொல்லும் வெலோனி வேறு, ஊர் சொல்லும் வெலோனி வேறு, எழுத்தாளர் சொல்லும் வெலோனி வேறு. விசாரிக்கும் சப்-இன்ஸ்பெக்டராக எஸ்.ஜே.சூர்யா. வாசுதேவநல்லூர்க்காரர் என்பதற்காகச் சொல்லவில்லை, வழக்கமான அவருடைய கைவீச்சையெல்லாம் அடக்கிக்கொண்டு, தூக்கம் கெட்ட ஒரு மனிதனாகவே இதில் வாழ்ந்திருக்கிறார். வெலோனியின் அம்மாவாக வரும் லைலாவும் எதிர்பாராத இடத்தில் உறுத்துகிறார்.

கதை நடப்பது குமரிப் பக்கம். இங்கே மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் 'லே' ஒட்டினால் அது தென்னாட்டுத் தமிழ் ஆகிவிடும் என்று திரையில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. நெல்லையில் 'லே'யை யாரிடமும் சொல்லிவிட முடியாது. இளையவனிடம், சம வயதுச் சோட்டுக்காரனிடம் சொல்லலாம். பொம்பளைப் பிள்ளை என்றால் 'ளா', 'ஏட்டி'. பெரியவர் என்றால் 'வந்தாவ', 'சொன்னாவ'. அடையாளம் உண்மையில் வினையில் இருக்கிறது: 'சொல்லுதேன்', 'கேக்கான்', 'நிக்கி'. குமரிக்குப் போனால் 'எனக்க வீடு', 'மக்கா'. வதந்தியில் இது வந்து வந்து போகிறது. சிலர் வாயில் இயல்பாக வருகிறது, அடுத்த காட்சியில் சென்னைக்கு ரயிலேறிவிடுகிறது. இதை நான் குறையாக எழுதியபோது, இதெல்லாம் யார் கவனிப்பார்கள் என்று ஒரு நண்பர் கேட்டார். நாங்கள் கவனிக்கிறோம்.

நடுவில் நாலாவதிலிருந்து ஆறாவது வரை தொடர் இழுக்கிறது. ஆறு எபிசோடில் முடித்திருக்கலாம். ஆனாலும் வதந்தி என்னை விடவில்லை. காரணம், செத்துப்போன பெண்ணைப் பற்றி ஊர் பேசும் பேச்சைத்தான் அது உண்மையான குற்றமாகப் பார்க்கிறது. அத்தை சொன்னதும் அதுதான்: "எல்லாரும் அவளப் பத்திச் சொல்லுதாவளே ஒழிய, அவ வாயால ஒண்ணும் வரல பாத்தியா."

தலைவெட்டியான் பாளையத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2020-ல் வந்த 'பஞ்சாயத்' இந்தித் தொடரின் தமிழ் வடிவம். தொண்ணூறுகளில் 'மர்ம தேசம்' டிவி தொடரை எடுத்த நாகாதான் இயக்கம். அதில் 'விடாது கருப்பு'வில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் இதில் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுத் தம்பதி, அவர்களைச் சேர்ந்து பார்ப்பதே சந்தோஷம். மனைவி பேரில் பதவி, நாற்காலியில் கணவன் என்பது நம் ஊர்களுக்கும் புதிதில்லை. ஆனால் காட்சிக்குக் காட்சி இந்தியின் தடத்திலேயே நடப்பதால், வடக்கத்தி ஊர் ஒன்று வேட்டி கட்டிக்கொண்ட மாதிரியே கடைசி வரை இருக்கிறது. மனது லேசாக வேண்டும் என்றால் பார்க்கலாம்.

சரி, அயலி. 2023 ஜனவரி 26 அன்று வந்தது, முத்துக்குமார் இயக்கம். கதை புதுக்கோட்டைப் பக்கம், 1990-ல், வீரப்பண்ணை என்ற கற்பனைக் கிராமம். நெல்லைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வயசுக்கு வந்த பெண்ணைப் படிக்க அனுப்பக் கூடாது, கல்யாணம் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் அயலி அம்மன் கோபிப்பாள் என்பது ஊர்க்கட்டு. அதனால் அந்த ஊரில் ஒரு பெண் கூடப் பத்தாவது தாண்டியதில்லை. டாக்டராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி, தான் வயசுக்கு வந்ததை மறைக்கிறாள். அவ்வளவுதான் கதை.

குறை இல்லாமல் இல்லை. ஆண்களில் பலர் ஒரே வார்ப்பு. பிற்பாதியில் சில இடங்களில் வசனம் மேடை ஏறிவிடுகிறது. செலவு செய்து எடுத்த பிரைம் தொடர்களின் ஒளிப்பதிவுக்குப் பக்கத்தில் இது எளிமையானது. ஆனால் சாமி இங்கே அலங்காரம் இல்லை. அயலிக்குப் பயந்துதான் ஒரு அப்பா மகளின் புத்தகப் பையை மூடுகிறார். அந்தப் பயத்தை எடுத்துவிட்டால் கதை நிற்காது. சுழலில் விழாவை எடுத்துவிட்டாலும் கொலையும் விசாரணையும் அப்படியே ஓடும். எனக்கு இந்த வித்தியாசம்தான் பெரிது. அபி நட்சத்திராவின் தமிழ்ச்செல்வி ஒரு பக்கம் என்றால், விஷயம் தெரிந்தபின் மகளோடு சேர்ந்து அதை மறைக்கும் அம்மாவாக அனுமோள் இன்னொரு பக்கம். பயமும் ஆசையும் ஒரே முகத்தில் மாறி மாறி வரும். எபிசோடுகளும் சின்னவை, கால் வலிக்கிறவர் ஒரே இருப்பில் பார்த்துவிடலாம்.

இரண்டாவது சனிக்கிழமை அத்தையோடு இதைப் போட்டேன். மற்றவற்றில் நடுநடுவே பேசிக்கொண்டிருந்தவர், இதில் பேசவே இல்லை. முடிந்ததும் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார். "நான் ஒம்பதாவதுல நின்னேன்யா. எங்க வீட்டுல சாமியெல்லாம் சொல்லல. போதும்னாவ, அவ்வளவுதான். பை மட்டும் ரொம்ப நாளு ஆணியில தொங்கிக்கிட்டு கெடந்துது."

அன்று ராத்திரியே சென்னைக்குப் போன் போட்டு ஜீ5 கட்டச் சொன்னேன். வதந்தியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். சுழலில் முதல் சீசன் மட்டும் போதும், அதையும் நான் பக்கத்தில் இருக்கும்போது.

புதன்கிழமை அத்தையே கூப்பிட்டார். ஆறு எபிசோட் முடிந்துவிட்டதாம்.

"ஏய்யா, அந்தப் பிள்ள பரீட்ச எழுதிருவாளா?"

நான் வாயைத் திறப்பதற்குள், "வேண்டாம், சொல்லாத. கரண்டு வந்துட்டு, நானே பாத்துக்கிடுதேன்" என்று வைத்துவிட்டார்.