லோடு ஏறினால் அணையும் புது கம்ப்யூட்டர்: காரணத்தைப் பிடிக்க எந்த வழி நல்லது?

பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த புது கம்ப்யூட்டர். பிரவுசர், வீடியோ எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. கனமான கேமையோ ரெண்டரிங்கையோ தொடங்கினால் மட்டும் சட்டென்று அணைந்துவிடுகிறது. யோசனை கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். டெம்பரேச்சரைப் பாருங்கள் என்பார் ஒருவர், பவர் சப்ளையை மாற்றுங்கள் என்பார் இன்னொருவர், மூன்றாமவர் மல்டிமீட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார், நான்காமவர் எல்லாவற்றையும் கழற்றி மேசைமேல் பரப்பச் சொல்வார். எதுவும் தப்பான யோசனை இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் எதைக் காட்டிக்கொடுக்கும், எதைக் காட்டாது என்று தெரியாமல் இறங்கினால் பொழுதுதான் போகும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கோளாறில் டெம்பரேச்சருக்கு நாம் தேவைக்கு மேல் மதிப்புக் கொடுக்கிறோம். பவர் லிமிட்டை, அதாவது ஒரு பாகம் இழுக்கலாம் என்று விடும் மின்சாரத்தின் எல்லையை, குறைத்துப் பார்ப்பதற்கு வேண்டிய மதிப்பைக் கொடுப்பதில்லை.

எந்த வழியில் போனாலும், அது எப்படி அணைகிறது என்பதை முதலில் கவனியுங்கள். ஃபேன்களும் விளக்குகளும் ஒரே நொடியில் நின்றால் மின்சாரம் வெட்டப்படுகிறது என்று அர்த்தம். திரை மட்டும் கருப்பாகி, ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்து, பேச்சுச் சத்தமும் கேட்டால் அது கிராபிக்ஸ் கார்டு அல்லது டிரைவர் சமாசாரம், வேறு கதை. தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் கொஞ்சம் எச்சரிக்கை: நீலத்திரை வந்ததும் விண்டோஸ் தானே ரீஸ்டார்ட் செய்துவிடும், அந்த ஆப்ஷனை அணைத்துவிட்டுப் பாருங்கள். பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) "மின்சாரம் வந்ததும் ஆன் ஆகு" என்ற அமைப்பு இருந்தால், நிஜமான பவர் கட்கூட ரீஸ்டார்ட் மாதிரியே தெரியலாம். இன்னொரு நல்ல தடயம் உண்டு. அணைந்தபின் பவர் பட்டனை அழுத்தினால் எந்த அசைவும் இல்லை, பவர் சப்ளையின் பின்புற ஸ்விட்சை ஆஃப் செய்து கொஞ்சம் பொறுத்து ஆன் செய்தால்தான் உயிர் வருகிறது என்றால், பவர் சப்ளை தன் பாதுகாப்புச் சுற்றை இயக்கிப் பூட்டிக்கொண்டிருக்க நிறைய வாய்ப்பு.

சரி, இப்போது வழிகள்.

எல்லோரும் தொடங்குவது வேண்டுமென்றே முழு லோடு கொடுக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்டும், சென்சார் எண்களைப் பதிவுசெய்யும் லாகும். செலவில்லை, ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். சென்சார் எண்களைக் காட்டும் மென்பொருளான எச்டபிள்யூஇன்ஃபோ வழக்கமாக 2 நொடிக்கு ஒருமுறைதான் சென்சார்களைப் படிக்கும், அதை 500 மில்லிசெகண்டாகக் குறைத்துவிட்டு லாகைத் தொடங்குங்கள். அணைந்து மறுபடி வந்ததும் அந்த சிஎஸ்வி ஃபைலின் கடைசி வரியைத் திறந்து பார்த்தால், உதாரணத்துக்கு, பிராசஸர் 74 டிகிரி, கிராபிக்ஸ் கார்டு 66 டிகிரி, 12 வோல்ட் என்ற பத்தியில் 11.9 என்று இருக்கும். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. எல்லா எண்ணும் நல்லபிள்ளையாக இருக்கும்போது பதிவு பாதியில் நின்றிருக்கும். மின்சாரம் போன கணத்தில் கடைசிச் சில வரிகள் டிஸ்கில் எழுதப்படாமலே போயிருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு லாகைப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை, அது வெப்பத்தை ஏறக்குறைய விடுதலை செய்துவிட்டது. இன்றைய பிராசஸர்கள் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் உயர்வகை மாடல்கள் முழு லோடில் 95 டிகிரியைத் தொட்டு அங்கேயே ஓடும்படிதான் வடிவமைக்கப்பட்டவை. இன்டெலின் பல டெஸ்க்டாப் மாடல்களுக்கு எல்லை 100 டிகிரி. வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்காவிட்டால்தான் முழுதாக அணையும். புது கம்ப்யூட்டரில் அந்த அளவுக்குப் போக வேண்டுமென்றால் கூலர் சரியாக உட்காராமல் இருக்க வேண்டும், அடியிலிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே மாட்டியிருக்க வேண்டும், அல்லது லிக்விட் கூலரின் பம்ப் வயர் செருகப்படாமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கேம் வரை போகவே வேண்டாம், பயாஸ் திரையிலேயே டெம்பரேச்சர் ஏறிக்கொண்டே போவது தெரிந்துவிடும்.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 என்று ஒரு பதிவு இருக்கும். அதைப் பார்த்ததும் பவர் சப்ளைதான் என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. "ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் போனேன்" என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை; நீலத்திரை வந்திருந்தாலும் அதே 41 விழும். அதன் விவரத்தில் பக்செக்கோடு என்ற இடத்தில் 0 இருந்தால் நீலத்திரை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள், அது கொஞ்சம் உருப்படியான தகவல். பக்கத்திலேயே டபிள்யூஎச்இஏ-லாகர் 18 என்ற வன்பொருள் பிழைப் பதிவு தென்பட்டால் கவனத்தை பிராசஸர் பக்கம் திருப்பி, ஓவர்க்ளாக் (வேகத்தைக் கூட்டியது), அண்டர்வோல்ட் (வோல்ட்டைக் குறைத்தது), எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமை அதிவேகத்தில் ஓட்டும் அமைப்பு) எல்லாவற்றையும் பயாஸில் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். ரேம் கோளாறு பெரும்பாலும் நீலத்திரையாகவோ புரோகிராம் கிராஷாகவோ வெளிப்படும், சுத்தமாக அணைவது அதன் குணம் அல்ல.

ஸ்ட்ரெஸ் டெஸ்டைப் பிரித்துப் பிரித்து ஓட்டினால் அதன் மதிப்பு கூடும். பிரைம்95 பிராசஸரை மட்டும் வாட்டும், ஃபர்மார்க் கிராபிக்ஸ் கார்டை மட்டும், ஓசிசிடியின் பவர் டெஸ்ட் இரண்டையும் சேர்த்து. தனித்தனியாகத் தாங்கி, சேர்ந்தால் மட்டும் அணைந்தால் மொத்த வாட் இடிக்கிறது. இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஃபர்மார்க் ஒரே சீராக லோடு கொடுக்கும். கேம் அப்படி இல்லை, ஒரு காட்சியில் இறங்கி அடுத்த காட்சியில் பாயும். அதனால் ஃபர்மார்க்கில் மணிக்கணக்கில் தாங்கிய மெஷின் ஒரு கேமின் மெனுத்திரையில் பொத்தென்று அணைவது ஒன்றும் அதிசயமில்லை. சீரான டெஸ்டில் பாஸ் ஆனதை வைத்து பவர் சப்ளைக்கு நற்சான்றிதழ் கொடுக்கக் கூடாது.

அந்தப் பாய்ச்சல்தான் இந்தக் கோளாறின் உயிர்நாடி. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டின் அறிவிக்கப்பட்ட பவர் 320 வாட், ஆனால் மில்லிசெகண்ட் கணக்கில் அதைவிட வெகுவாக மேலே எகிறும். 2020-இல் அந்தத் தலைமுறை வந்தபோது, கணக்குப்படி போதுமான வாட் உள்ள பவர் சப்ளைகள்கூட அதை ஆபத்தென்று எடுத்துக்கொண்டு அணைந்தன. 2022-இல் பவர் சப்ளைகளுக்கு வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிமுறை இதை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டது: 12விஎச்பிடபிள்யூஆர் (கிராபிக்ஸ் கார்டுக்கான புதுவகை பிளக்கு) கனெக்டர் கொண்ட, 450 வாட்டுக்கு மேற்பட்ட பவர் சப்ளை, தன் அளவைப் போல இருமடங்கை 100 மைக்ரோசெகண்ட் தாங்க வேண்டும். 850 வாட் என்றால் 1700 வாட். இதோடு ஒப்பிட்டால் பெட்டிமேல் இருக்கும் 80 பிளஸ் கோல்டு முத்திரை இந்த விஷயத்தில் உதவாது, அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் அளக்கிறது.

இனி எனக்குப் பிடித்த வழி. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் கிராபிக்ஸ் கார்டின் பவர் லிமிட்டை 70 சதவீதத்துக்கு இறக்குங்கள், கேமில் ஃபிரேம் ரேட்டை 60-இல் கட்டிப்போடுங்கள். அணைய வைத்த அதே கேமை, அதே இடத்தில் ஓட்டுங்கள். தாங்கினால் கார்டின் லிமிட்டைப் பழையபடி ஏற்றிவிட்டு பிராசஸரை மட்டும் குறையுங்கள்: ரைசனில் மின்சாரத்தைக் குறைத்து ஓட்டும் ஈகோ (Eco) மோடு, இன்டெலில் பயாஸில் பிஎல்1, பிஎல்2 என்ற இரண்டு பவர் எல்லைகளையும் 125 வாட்டுக்குக் கொண்டுவருவது. எதைக் குறைத்தபோது அணைவது நின்றது என்பது, எந்தப் பக்க மின்பாதையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடும். காசு செலவில்லை, நினைத்தவுடன் பழைய நிலைக்குத் திரும்பலாம், லாகில் தெரியாத பாய்ச்சலையும் மறைமுகமாகச் சோதித்துவிடுகிறது.

குறை இல்லாமல் இல்லை. பவரைக் குறைத்தால் சூடும் குறைகிறது, எதனால் அணைவது நின்றது என்று குழப்பம் வரும். அதற்கு எதிர்ச்சோதனை செய்யுங்கள்: பவரைத் தொடாமல், கேபினெட்டின் பக்கப் பலகையைக் கழற்றி, ஃபேன்களை முழு வேகத்தில் விட்டு ஓட்டுங்கள். முன்பு மாதிரியே அணைந்தால் சூடு காரணமில்லை. நேரமும் பேசும். லோடு ஏறிய ஓரிரு நொடியில் அணைந்தால் பவர், கால் மணிநேரம் கழித்து அணைந்தால் சூடு என்று தோராயமாகக் கொள்ளலாம். பவர் சப்ளையே சூடாகி அணைவதும் உண்டு, அதன் ஃபேன் காற்று வழியில்லாத பக்கம் பார்த்தபடி மாட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

பவர் சப்ளையை மாற்றிப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. சரியாகச் செய்தால் மற்ற எந்த வழியும் இதன் பக்கத்தில் வராது. ஆனால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். வேறு பவர் சப்ளை போட்டதும் ஓடுகிறது, பழையது கெட்டுவிட்டது என்று முடிவு. மாற்றும்போது எல்லா கனெக்டரையும் பிடுங்கி மறுபடி செருகினீர்களே, பாதி நுழைந்து நின்ற 8 பின் பிளக்கு அப்போது சரியாக உட்கார்ந்திருக்கக் கூடாதா? அதனால் பழையதைத் திரும்ப மாட்டி, மறுபடி அணைகிறதா என்று பார்த்தால்தான் குற்றம் உறுதி. இன்னொன்று, கேபிள்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கேபிள்களைத் தனியே கழற்றக்கூடிய மாடுலர் பவர் சப்ளைகளில் பெட்டிப் பக்கத்துப் பின் வரிசை ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறுபடும், ஒன்றின் கேபிளை இன்னொன்றில் செருகினால் டிரைவோ மதர்போர்டோ புகைந்துவிடும்.

மாற்றுவதற்கு முன்பே கேபிள் வழியைச் சரிபார்த்துவிடுவது நல்லது, புது கம்ப்யூட்டரில் இது அடிக்கடி மாட்டும். கார்டுக்கு இரண்டு 8 பின் சாக்கெட் இருந்தால், ஒரே கேபிளில் தொங்கும் இரட்டைத் தலையை மாட்டாமல், தனித்தனியாக இரண்டு கேபிள் இழுங்கள். ஒரு 8 பின்னுக்கு 150 வாட், ஸ்லாட் வழியாக 75 வாட் என்பதுதான் விதிக்கணக்கு. பிராசஸருக்கான இபிஎஸ் பிளக்கு கொக்கி விழும்வரை அழுந்தியிருக்க வேண்டும். யுபிஎஸ் இருந்தால் அதை ஒருமுறை தவிர்த்து நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள், லோடு தாங்காமல் அதுவே கைவிடலாம்.

மல்டிமீட்டர்? ஏடிஎக்ஸ் விதியில் 12 வோல்ட் லைனின் வழக்கமான எல்லை ஐந்து சதவீதம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. லோடில் மெதுவாக அதற்குக் கீழே சரிந்தால் மீட்டர் காட்டும், மைக்ரோசெகண்ட் சரிவைக் காட்டாது. அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும். ஆனாலும் மதர்போர்டு சென்சார் சொல்லும் எண்ணைவிட மீட்டர் மேல், சென்சார்கள் சிலசமயம் கன்னாபின்னாவென்று படிக்கும். பவர் சப்ளையை மட்டும் திறந்துவிடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்.

எல்லாவற்றையும் கழற்றி மேசைமேல் பரப்பும் வழி, ஆனே ஆகாத கம்ப்யூட்டருக்கு அருமையான வழி. லோடில் அணைவதற்கு அவ்வளவு இல்லை, ஏனென்றால் பாகங்களைக் கழற்றினால் லோடும் போய்விடுகிறது. மதர்போர்டுக்கு அடியில் தேவையில்லாத இடத்தில் ஸ்டாண்டாஃப் (போர்டைத் தாங்கும் சிறு உலோகத் தூண்) இருக்கிறதா என்று பார்க்க உதவும், அவ்வளவுதான்.

கையில் கூடுதல் பவர் சப்ளை இல்லாதவர் லிமிட் சோதனையில் தொடங்கலாம். நண்பரிடம் இரவல் கிடைக்கும் என்றால் லாகைப் பார்த்துவிட்டு நேராக மாற்றிப் பார்ப்பதற்கே போய்விடலாம். புதுப் பாகங்களைத் திருப்பிக் கொடுக்கும் கெடு ஓடிக்கொண்டிருப்பதால் ஸ்ட்ரெஸ் டெஸ்டிலேயே வாரக்கணக்கில் உட்காராதீர்கள். லிமிட்டைக் குறைத்ததால் அணைவது நின்றுவிட்டது, இப்படியே ஓட்டிக்கொள்ளலாம் என்று விடவும் வேண்டாம், முழு பவருக்குத்தானே காசு கொடுத்தீர்கள்.

பவர் சப்ளையை மாற்றியும் அணைகிறது என்றால் கிராபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் அதில் திரையை ஓட்டி, பிரைம்95 மட்டும் போடுங்கள். அப்போதும் அணைந்தால் மதர்போர்டின் விஆர்எம் பகுதி (பிராசஸருக்கு வேண்டிய வோல்ட்டை மாற்றித் தருவது) அல்லது பிராசஸர். அணையாவிட்டால் கார்டை எடுத்துப்போய் இன்னொரு மெஷினில் அதே கேமை ஓட்டிப் பாருங்கள், அங்கேயும் அணைந்தால் வாரண்டிக்கு அனுப்ப வேண்டியது கார்டைத்தான்.