காரைக்குடிக் கடைத் தளத்துக்கு ஜாங்கோ 5.2: பி.எச்.பி.யை விட்டு மாறலாமா?

கண்டாங்கி சேலையோ ஆத்தங்குடிக் கல்லோ விற்கும் இணையதளம் இன்னும் பி.எச்.பி. நிரல்மொழியின் 7.4 பதிப்பில் ஓடினால் கை வைத்தே ஆகவேண்டும். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. முகவரியும் படங்களும் மட்டும் என்றால் பி.எச்.பி.யிலேயே புதிய பதிப்புக்கு ஏற்றினால் போதும். சரக்கும் ஆர்டரும் உள்ளே இருந்தால் பைத்தான் மொழியில் தளம் கட்டும் சட்டகமான ஜாங்கோ 5.2-க்கு மாறுவது உழைப்புக்குத் தகும். 2028 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு.

அதன் அட்மின் பக்கம் அருமை. மாடலை (ஒரு டேபிளின் அமைப்பைச் சொல்லும் நிரலை) அதில் பதிவு செய்தாலே சரக்கு சேர்க்கவும் திருத்தவும் பக்கங்கள் தயார். களப் பெயர்களைத் தமிழில் கொடுத்துவிட்டால் கல்லாவில் இருப்பவரே பார்த்துக்கொள்வார். பழைய டேபிள்களை இன்ஸ்பெக்ட்டிபி கட்டளை மாடலாக்கித் தரும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸின் பழைய மைஐசாம் வகை டேபிள்களில், ஒரு டேபிளை இன்னொன்றோடு இணைக்கும் ஃபாரின் கீ இருக்காது, அந்தத் தொடர்புகளைக் கையால்தான் எழுதவேண்டும். மைஎஸ்க்யூஎல் 8.0.11-க்குக் கீழே இருந்தால் முதலில் அதை ஏற்றுங்கள்.

உண்மையான தலைவலி தமிழ் எழுத்து. பழைய தளங்களில் மேற்கத்திய எழுத்துக்கான லத்தீன்1 முறையில் அமைத்த நெடுவரிசையில், தமிழுக்கான யூடிஎஃப்-8 பைட்டுகள் உட்கார்ந்திருக்கும். பி.எச்.பி. அதே வழியில் எடுத்துக் காட்டியதால் சரியாகத் தெரிந்தது. ஜாங்கோவில் குப்பையாக வரும். டேட்டாபேஸை பேக்கப் எடுத்துக்கொண்டு, அந்த நெடுவரிசையை முதலில் வார்பைனரியாகவும் (வெறும் பைட்டு வகை) பிறகு யூடிஎஃப்8எம்பி4 வார்சாராகவும் (எழுத்து வகை) மாற்றவேண்டும். நேரடியாக மாற்றினால் குப்பையே நிரந்தரமாகிவிடும். இன்னொன்றும் உண்டு. ‘ஆத்தங்குடி’ கண்ணுக்கு 6 எழுத்து, யூனிகோடில் 10 குறியீடு, சேமிக்க 30 பைட். லத்தீன்1-இல் 50 என்று அளவு வைத்த நெடுவரிசையில் 16 குறியீடுதான் முழுதாக அடங்கும். நீளமான பெயர்கள் நடு எழுத்தில் வெட்டுப்பட்டிருக்கும், மாற்றும்போது அந்த வரிசையில்தான் பிழை வரும். அவற்றை முன்கூட்டியே தேடித் திருத்துங்கள்.

நேரமும் படுத்தும். ஜாங்கோ பழைய பில் நேரத்தை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொண்டு 5.30 மணி கூட்டிக் காட்டும். மாலை 7 மணி பில் மறுநாள் கணக்கில் விழும். ஜாங்கோவின் பொதுவான டைம்_ஜோன் (நேர மண்டலம்) அமைப்போடு, டேட்டாபேசஸ் அமைப்புக்குள்ளும் டைம்_ஜோனை ‘ஏசியா/கொல்கத்தா’ என்று கொடுத்தால் சரியாகும்.

வாடிக்கையாளர் பாஸ்வேர்டுகள் பி.எச்.பி.யின் பிகிரிப்ட் என்னும் மறைப்பு முறையில் இருந்தால் எதையும் மாற்றச் சொல்லவேண்டாம். ஹாஷின் (மறைத்துச் சேமித்த பாஸ்வேர்டின்) முன்னால் ‘பிகிரிப்ட்$’ என்பதை ஆங்கிலச் சிற்றெழுத்தில் சேர்த்து, பிகிரிப்ட் நூலகத்தை நிறுவி, பிகிரிப்ட்பாஸ்வேர்ட்ஹாஷரை ஜாங்கோ அமைப்பில் உள்ள ஹாஷர் பட்டியலின் கடைசியில் போடுங்கள். அவரவர் உள்ளே வரும்போது ஜாங்கோவே புதிய முறைக்கு மாற்றிக்கொள்ளும்.

ஹோஸ்டிங்கில்தான் மதிப்பெண் குறைகிறது. எஃப்டிபியில் ஃபைலை ஏற்றிவிட்டுப் போக முடியாது. விபிஎஸ் (வாடகைக்கு எடுக்கும் தனி சர்வர்), ஜாங்கோவை ஓட்டும் ஜியூனிகார்ன், அதன் முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் மூன்றும் வேண்டும், நிரலைத் திருத்தினால் ஜியூனிகார்னை மறுபடி துவக்கவும் வேண்டும். இதைக் கவனிக்க ஆள் இல்லாத கடைக்கு ஜாங்கோ வேண்டாம்.