ஏற்காடு மலைப்பாதையில் அம்பாசடர்: புது டிஸ்ட்ரிபியூட்டரும் டைமிங்கும்

பழைய பெட்ரோல் அம்பாசடருக்கு டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) வைப்பதென்றால் சேலத்திலேயே, நல்ல வெயில் நேரத்தில், இன்ஜின் சூடேறிய பிறகு வையுங்கள். ஏற்காட்டில் வண்டியை நிறுத்தி, சத்தத்தைக் கேட்டு வைக்கவே வைக்காதீர்கள். புது டிஸ்ட்ரிபியூட்டர் (பிளக்குகளுக்கு முறைப்படி கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்) மாட்டிச் சில வருடங்களாக அந்த மலையில் ஏறி இறங்கியதில் நான் அடித்துச் சொல்லக்கூடியது இதுதான்.

என் வண்டி மார்க் 4, 1489 சிசி இன்ஜின். பிஎம்சி பி சீரீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் இருப்பதும் இதே குடும்பம்தான் என்பதால், அந்த வண்டிக்காகச் சொல்லப்படும் டிஸ்ட்ரிபியூட்டர் வேலைகள் பெரும்பாலும் நமக்கும் பொருந்தும். பழைய டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் (திறந்து மூடும் சின்ன சுவிட்ச்), கண்டென்சர் (அந்தப் பாயிண்ட் கருகாமல் காப்பது) எல்லாம் புதிதாகப் போட்டும் ஸ்லோவில் ஒரு நடுக்கம் இருந்துகொண்டே இருந்தது. ரோட்டாரை (உள்ளே சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைக் கொடுக்கும் துண்டு) கழற்றிவிட்டு ஷாஃப்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டினால் காரணம் தெரிந்தது. ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, ஷாஃப்ட் கையோடு சேர்ந்து ஆடியது. ஷாஃப்ட் ஆடினால் பாயிண்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு மாதிரி ஆகிவிடும். டைமிங் லைட் அடித்துப் பார்த்தால் புல்லியில் உள்ள குறி ஓரிடத்தில் நிற்காமல் முன்னும் பின்னும் ஆடும். இந்த நிலையில் பாயிண்ட் மாற்றுவது காசுக்குத்தான் கேடு. முழு டிஸ்ட்ரிபியூட்டரையும் மாற்றிவிடுவது நல்லது, அல்லது கடைசல் பட்டறையில் கொடுத்துப் புஷ் போட வேண்டும்.

மாட்டுவது பலர் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை. இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில் உள்ள நாக்கு நடுவிலிருந்து சற்றே விலகியிருக்கும், அது உட்காரும் காடியும் அப்படியே. அதனால் ஒரே வாக்கில்தான் உட்காரும், மாற்றிப் போட்டால் இறங்காது. பிரச்சினை வருவது வேறு இடத்தில். எப்போதோ இன்ஜின் வேலை பார்த்தபோது உள்ளே இருக்கும் டிரைவ் கியரை உருவி, ஒன்றிரண்டு பல் தள்ளிப் போட்டிருப்பார்கள். அப்புறம் பிளக் வயர்களை இடம் மாற்றிக் குத்திச் சமாளித்திருப்பார்கள். அப்படி ஓடும் வண்டிகள் நிறைய உண்டு. ஆகவே படத்தைப் பார்த்து வயர் குத்தாமல், முதல் சிலிண்டரைக் கம்ப்ரஷனில் மேலே கொண்டுவந்து ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். அதுதான் ஒன்றாம் நம்பர். அங்கிருந்து இடஞ்சுழியாக 1-3-4-2 என்ற சிலிண்டர் வரிசையில் வயர்களைக் குத்துங்கள்.

கம்ப்ரஷனைக் கண்டுபிடிக்க முதல் பிளக்கைக் கழற்றி, ஓட்டையில் கட்டைவிரலை வைத்து, இன்னொருவரை ஹேண்டில் போட்டு மெதுவாகச் சுற்றச் சொன்னால் போதும். காற்று விரலைத் தள்ளும். தாண்டிவிட்டால் அப்படியே பின்னால் திருப்பிக் குறியில் நிறுத்தக்கூடாது. நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடி முன்னோக்கியே வர வேண்டும், இல்லையென்றால் செயினிலும் கியரிலும் உள்ள தளர்வு கணக்கைக் கெடுத்துவிடும்.

டைமிங்குக்கு முன்னால் பாயிண்ட் இடைவெளி. 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், அந்தக் கால ஃபீலர் கேஜில் 14 முதல் 16 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இதை முதலில் முடித்துவிட வேண்டும், ஏனென்றால் இடைவெளியை மாற்றினாலே டைமிங்கும் மாறிவிடும். அப்புறம் புல்லியின் வெட்டுக்குறியை டைமிங் கவரில் உள்ள முனைகளுக்கு நேராக நிறுத்த வேண்டும். நீளமான முனை டிடிசி, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். நான் அதற்கு முன்னால் 5 டிகிரியில் நிறுத்தி ஆரம்பித்தேன். சின்ன 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் முனையிலும் மற்றதை பாடியிலும் கொடுத்து, சாவியைப் போட்டு, கிளாம்பைத் தளர்த்திவிட்டு டிஸ்ட்ரிபியூட்டரைப் பல்ப் அணையும்வரை இடப்பக்கமாகத் திருப்பினேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கமாக மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, பல்ப் எரிந்தது. பாயிண்ட் திறக்கும் கணம் அதுதான். அங்கேயே கிளாம்பை இறுக்கலாம். இந்த ரோட்டார் இடமாகச் சுற்றுவதால் வலமாகத் திருப்பினால் டைமிங் முன்னேறும் (பொறி சீக்கிரம் விழும்), இடமாகத் திருப்பினால் பின்வாங்கும். சாவியை நெடுநேரம் போட்டே வைக்காதீர்கள், காயில் சூடாகும்.

இது ஆரம்பம் மட்டுமே. அடிவாரத்தில் பழைய வண்டிகளோடு பழகிய மெக்கானிக் அண்ணன் ஒருவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "பல்பு வெச்சுப் பாத்தது சரிதாங்க. மேட்டுல ஏத்திப் பாக்காம கிளாம்ப கடைசியா இறுக்காதீங்க." முழு உண்மை. அடிவாரம் தாண்டியதும் வரும் முதல் கொண்டை ஊசி வளைவுகளில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதித்தேன். டைமிங் அதிகம் முன்னால் இருந்தால் இன்ஜினுக்குள் சில்லறை குலுங்குவது போன்ற நாக்கிங் கேட்கும். கேட்டால் ஒரு இம்மி பின்வாங்கி மறுபடி ஏற்ற வேண்டும். அறவே கேட்காமல், இழுவையும் மந்தமாக இருந்தால் சற்று முன்னே. நாக்கிங் விளிம்பைக் கண்டுபிடித்து, அதிலிருந்து கொஞ்சம் பின்னால் நிறுத்துவதுதான் வேலை.

ஏன் மேலே வைக்கக்கூடாது? சேலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவுகள் முடிவதற்குள் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, அது குளிர்ந்த காற்றும்கூட. அதனால் மேலே டைமிங்கை எவ்வளவு முன்னே தள்ளினாலும் நாக்கிங் சுலபத்தில் வராது, பிக்கப்பும் கூடினாற்போல இருக்கும். ஏரிப் பக்கம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துத் திருப்தியாக இறங்குவார்கள். அதே வண்டி ஏப்ரல் மாத மதியத்தில் கோரிமேட்டைத் தாண்டி மேடேறும்போது பிஸ்டன் அடி வாங்கும். மேலே போனால் இழுவை குறைவது இயல்பு. காற்று குறைய, கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாகக் கலப்பதும் அதற்கு ஒரு காரணம். அந்தக் குறையை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிச் சரிக்கட்டப் பார்க்க வேண்டாம்.

மலையில் இன்னொரு சோதனை பனிமூட்டம். மழைக்காலக் காலைகளில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் கோர்த்து, வண்டி மிஸ்ஸாகும் அல்லது எடுக்கவே எடுக்காது. உலர்ந்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் சரியாகும். ஆகாவிட்டால் மூடியின் உட்புறத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தால் கரண்ட் அந்த வழியில் ஓடப் பழகிவிட்டது. சுரண்டிப் பயனில்லை, மூடியை மாற்றத்தான் வேண்டும். நடுவில் இருக்கும் கார்பன் தண்டு ஸ்பிரிங்கோடு துள்ளுகிறதா என்றும் ஒரு முறை அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது டிஸ்ட்ரிபியூட்டர் தன் அளவில் குறையில்லாமல் உழைக்கிறது. குறை வந்ததெல்லாம் தனியாக வாங்கிய உதிரிகளில்தான். டவுனில் ஒரு கடையில் வாங்கிய கண்டென்சர் சூடானதும் கைவிட்டது. பாயிண்ட் முகத்தில் நீலமாகப் பொறி பறந்து கருகியிருந்தது. அதனால் நன்றாக ஓடும் பழைய கண்டென்சரைத் தூக்கி எறியாமல் டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். பாயிண்டே இல்லாத எலக்ட்ரானிக் வகைக்கு மாறலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஸ்டார்ட்டிங் சுகம், தேய்மானம் இல்லை, ஊருக்குள்ளேயே ஓட்டுபவருக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் மலைப்பாதையில் அறுபதடி பாலத்துக்குப் பக்கத்தில் அது நின்றால் கையில் ஒன்றும் செய்ய முடியாது. பாயிண்ட் என்றால் ஒரு துண்டு உப்புத்தாளும் ஸ்க்ரூ டிரைவரும் போதும். மலைக்கு நான் பாயிண்ட் கட்சி.

பராமரிப்பு அதிகமில்லை. கேம் மேல் கடுகளவு கிரீஸ், ரோட்டாருக்குக் கீழே இரண்டு சொட்டு எண்ணெய். வேக்கம் குழாயை (இன்ஜினின் உறிஞ்சலால் டைமிங்கை முன்னேற்றுவது) கழற்றி வாயால் உறிஞ்சினால் உள்தட்டு அசைய வேண்டும். அசையாவிட்டால் டயாஃப்ரம் என்ற ஜவ்வு கிழிந்திருக்கும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து மேடேறும்போது வேக்கம் எப்படியும் வேலை செய்யாது என்பதால் மலையில் அந்தக் குறை தெரியாது. ஓமலூர் பக்கம் சமதளத்தில் சீராக ஓட்டும்போதுதான் மைலேஜில் தெரியும். பாயிண்டின் ஃபைபர் குதி தேயத் தேய இடைவெளி குறையும், இடைவெளி குறைந்தால் டைமிங் பின்வாங்கும். எனவே மலையில் இழுவை குறைந்த மாதிரி தோன்றினால் கிளாம்பில் கை வைப்பதற்கு முன் ஃபீலர் கேஜைத்தான் எடுக்கிறேன். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடுகிறது.